போர்ஷே 911-இன் 915 கியர்பாக்ஸ்: இறக்குவதற்கு முன்னும் பிரித்த பின்னும் எழும் கேள்விகள்

1972 மாடல் 911-இல் 2.4 லிட்டர் இன்ஜினோடு வந்து 1986 வரை ஓடிய பெட்டிதான் 915. அதற்கு முந்தைய 901 பெட்டியில் முதல் கியர் இடது பக்கம் கீழே இருக்கும். இதில் அது மேலே வந்துவிட்டது, ஐந்தாவது மட்டும் வலது ஓரத்தில் தனியாக, ரிவர்ஸ் அதற்குக் கீழே. 190 குதிரைத்திறன் கொண்ட 2.4 எஸ்-க்கும் இதுதான், 231 குதிரைத்திறன் கொண்ட 3.2 கரேராவுக்கும் இதுதான். கெட்ட பெயரும் ஏராளம்: கியர் விழாது, கடிக்கும், சீக்கிரம் தேயும் என்று. அதில் பாதி, வெளியே இருக்கிற கோளாறுகளுக்காகப் பெட்டி சுமக்கிற பழி என்பது என் கட்சி. மீதிப் பாதி உண்மை, அதனால்தான் கீழே இவ்வளவு நீளம். நான்கு கியர் 915-உம் உண்டு; இங்கே பேசுவது ஐந்து கியரைப் பற்றி மட்டும்.

இரண்டாவது கியர் போடும்போது கரகரவென்று கடிக்கிறது. பெட்டியை இறக்கிவிடலாமா?

பொறுங்கள். முதலில் கிளட்ச் முழுசாக விடுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது கிளட்சை அடிவரை மிதித்து, ஐந்து வினாடி காத்திருந்து, ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழும் முன் இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்குகிற வளையம்) கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் சரி. கடித்தால் கிளட்ச் இழுத்துக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம்: கேபிள் தளர்ந்திருக்கலாம், மிதியடிக்குக் கீழே இருக்கிற ஸ்டாப் உயரமாக இருக்கலாம், ஃப்ளைவீல் நடுவே உள்ள பைலட் பேரிங் காய்ந்து போயிருக்கலாம். இதில் எதையும் புது சிங்க்ரோ சரிசெய்யாது. புது சிங்க்ரோவும் அதே கதிக்கு ஆளாகும், அவ்வளவுதான்.

அடுத்தது காரின் தரை நடுவே ஓடுகிற டனலுக்குள், பின் சீட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன மூடிக்குக் கீழே இருக்கிற கப்ளர். கியர் லீவரிலிருந்து வரும் நீள ராடும் பெட்டியிலிருந்து வரும் ராடும் அங்கேதான் சேர்கின்றன. அதற்குள் பிளாஸ்டிக் புஷ்கள் உண்டு. நாற்பது வருஷப் பழைய புஷ் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடப்பதைப் பார்த்தால், இத்தனை நாள் இந்தக் காரில் கியர் விழுந்ததே பெரிய விஷயம் என்று தோன்றும். லீவருக்குக் கீழே இருக்கிற பந்துக் கிண்ண புஷ்ஷையும் அப்போதே மாற்றிவிடுங்கள், இரண்டும் சொற்பக் காசு. மாற்றியதும் கப்ளர் கிளாம்ப்பைத் தளர்த்தி லிங்கேஜை சரியாக செட் செய்ய வேண்டும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால்கூட ஸ்லீவ் (கியரை ஷாஃப்ட்டோடு பூட்ட நகர்கிற வளையம்) முழுசாக ஏறாமல் பாதியில் நிற்கும். பாதியில் நின்ற கியர்தான் வேகம் குறையும்போது வெளியே துள்ளும், பல்லின் முனையைத் தின்னும்.

இவ்வளவும் சரியாக இருந்து, எண்ணெயும் மாற்றி, அதற்குப் பிறகும் கடித்தால் மட்டும் ஜாக்கை எடுங்கள்.

ஏன் எல்லாருக்கும் இரண்டாவது கியரே முதலில் போகிறது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். அமெரிக்காவுக்குப் போன 911 எஸ்சி-யின் கியர் விகிதங்களை எடுத்துக்கொள்வோம்: 3.181, 1.833, 1.261, 1.000, 0.785. முதல் கியரில் 6000 ஆர்பிஎம் வரை இழுத்து இரண்டாவதுக்கு மாற்றினால், கிளட்ச் பிளேட்டும் அதோடு சேர்ந்து சுற்றுகிற எல்லாமும் ஏறக்குறைய 3460-க்கு இறங்க வேண்டும். அதாவது 2500-க்கும் மேல், கண் இமைக்கும் நேரத்தில், ஒரு வளையத்தின் உராய்வால் மட்டும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 1870 தான். மூன்றிலிருந்து நான்குக்கு 1240 அளவு. நான்கிலிருந்து ஐந்துக்கு 1290. ஆக இரண்டாவது கியரின் வளையம் மூன்றாவதை விட எவ்வளவோ அதிகம் உழைக்கிறது, அதுவும் நகரத்துக்குள் ஒவ்வொரு சிக்னலிலும். சிக்னலிலிருந்து கிளம்பும்போது வீரம் காட்டாமல் 3500, 4000-இல் மாற்றினால் அந்தப் பாவப்பட்ட வளையத்துக்கு வேலை கணிசமாகக் குறையும்.

போர்ஷே சிங்க்ரோ என்று தனியாகச் சொல்கிறார்களே, அதில் என்ன வித்தியாசம்?

மற்ற பெரும்பாலான கார்களில் கூம்பு வடிவப் பித்தளை வளையம் இருக்கும். போர்ஷேயின் சொந்த வடிவமைப்பில் கூம்பு இல்லை. ஓர் இடத்தில் பிளந்த, சி-எழுத்து வடிவ இரும்பு வளையம். வெளிப்பரப்பில் மாலிப்டினம் பூச்சு. அது கியரின் நாய்ப்பற்களுக்கு (ஸ்லீவ் போய்க் கோத்துக்கொள்கிற சின்னப் பற்கள்) அருகே உட்கார்ந்திருக்கும், மேலே ஒரு சர்க்ளிப் பிடித்துக்கொள்ளும். வளையத்துக்கு உள்ளே வளைந்த பட்டைகளும் சின்னக் கட்டைகளும்.

நீங்கள் லீவரைத் தள்ளும்போது ஸ்லீவின் உட்பக்கம் வளையத்தின் மேல் ஏறி உரசும். வேக வித்தியாசம் இருக்கிறவரை வளையம் ஸ்லீவோடு சுற்றப் பார்க்கும், அதன் முனை கட்டையை இடிக்கும், கட்டை பட்டையைத் தள்ளும், பட்டை வளையத்தை உள்ளிருந்து விரிக்கும். விரிய விரிய உராய்வு கூடும். டிரம் பிரேக்கில் ஷூ தானாகவே இறுகுமே, கிட்டத்தட்ட அதேதான். இரண்டு வேகமும் ஒன்றானதும் இறுக்கம் விட்டுப் போகும், ஸ்லீவ் வளையத்தைத் தாண்டி நாய்ப்பற்களில் விழும். இந்த அமைப்பு 1950-களிலேயே 356-இல் வந்துவிட்டது, ஆல்ஃபா ரோமியோ மாதிரி மற்றவர்களும் இதை வாங்கிப் பயன்படுத்தினார்கள்.

இதில் ஒரு விஷயம் முக்கியம்: இது நேரம் கேட்கும். லீவரை அடித்துத் தள்ளினால் வேகம் ஒன்றாவதற்குள் ஸ்லீவ் வளையத்தைத் தாண்டிப் பற்களில் மோதும். நடுவில் ஒரு நொடி தயங்கி, மெதுவாக அழுத்திக்கொண்டே இருந்தால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதை உணர்ந்தவர்களுக்கு 915 பிடித்துப் போகும். மற்றவர்கள் திட்டிக்கொண்டே ஓட்டுவார்கள்.

எந்த எண்ணெய்?

ஜிஎல்-5 என்கிற கியர் எண்ணெய்த் தரத்தில் 80டபிள்யூ-90 அல்லது 90, மினரல் எண்ணெய், சுமார் மூன்று லிட்டர். ஜிஎல்-5 பித்தளையை அரிக்கும் என்று பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் பயமுறுத்துவார்கள். அது அவர்கள் பெட்டிக்குச் சரி, இங்கே வளையம் இரும்பு. அதோடு கிரவுன் வீலும் பினியனும் (விசையைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடுகிற கடைசிப் பல்சக்கர ஜோடி) இதே எண்ணெயில்தான் குளிக்கின்றன, அவற்றுக்கு ஜிஎல்-5 வேண்டும். ஸ்வெப்கோ 201 என்ற எண்ணெய்க்கு 911 வட்டாரத்தில் ஒரு பக்தர் கூட்டமே உண்டு. மிகவும் வழுக்குகிற சிந்தடிக் மட்டும் வேண்டாம், உராய்வை நம்பி வேலை செய்கிற வளையத்துக்கு அது எதிரி.

பிரிக்காமலே உள்ளே என்ன போயிருக்கிறது என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். நியூட்ரலில் கிளட்ச் மிதிக்காமல் கேட்கிற உறுமல், மிதித்ததும் நின்றால், இன்புட் ஷாஃப்ட் பேரிங் பக்கம் சந்தேகப்படுங்கள். மிதிக்கும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங். ஆக்ஸிலேட்டரை விட்டதும் கியர் வெளியே துள்ளினால் நாய்ப்பற்களும் ஸ்லீவும் முனை மழுங்கிவிட்டன. எல்லா கியரிலும் வேகத்தோடு ஏறி, இழுக்கும்போது ஒரு சுரம், விடும்போது வேறு சுரம் என்று ஊளையிட்டால் கிரவுன் பினியன். முன்பக்க இன்ஜின் கார் மெக்கானிக்குகள் நான்காவதில் போட்டுக் கேட்பார்கள், அது நேரடி கியர் என்பதால் சத்தம் குறையும். இங்கே அந்த வித்தை பலிக்காது, 1.000 என்று போட்டிருந்தாலும் அது 26-க்கு 26 பல் கொண்ட ஜோடி, விசை அந்த ஜோடி வழியாகத்தான் போகிறது.

அப்புறம் வடிகால் பிளக்கில் இருக்கிற காந்தம். எண்ணெயை வடித்ததும் அதை விரலால் வழித்துப் பாருங்கள். மை மாதிரி சாம்பல் நிறக் குழம்பு மட்டும் இருந்தால் கவலையே வேண்டாம். இரண்டு விரலுக்கு நடுவே தேய்க்கும்போது மணல் போல நறநறத்தால் யோசிக்க வேண்டும். சின்ன முக்கோணச் சில்லு கிடைத்தால் அது நாய்ப்பல்லின் முனை, சந்தேகமே இல்லை. மெல்லிய செதில் வந்தால் பேரிங் பரப்பு உரிகிறது, ஓட்டுவதை நிறுத்துங்கள்.

வீட்டில் இறக்க முடியுமா?

முடியும். 911-இல் வழக்கம், இன்ஜினையும் பெட்டியையும் சேர்த்தே கீழே இறக்குவதுதான். இரண்டும் சேர்ந்து கால் டன் அளவுக்கு வரும், அதனால் நல்ல ஜாக்கும், காரைப் போதிய உயரத்தில் தாங்கும் ஸ்டாண்டுகளும் இல்லாமல் இறங்காதீர்கள். திரும்ப ஏற்றும்போது பெட்டிக்கும் பாடிக்கும் நடுவே இருக்கிற எர்த் பட்டையை மாட்ட மறக்கிறவர்கள் அதிகம். மறந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்சாரம் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் இணைப்பு வழியாக வழி தேடும், அவை சூடேறிக் கருகும்.

1978 முதல் 1983 வரையிலான எஸ்சி என்றால் கிளட்ச் பிளேட்டையும் பாருங்கள். அதில் நடுவே ரப்பர் வைத்த பிளேட் வந்தது. அந்த ரப்பர் துண்டு துண்டாக உடைந்து கிளட்சுக்குள்ளேயே சிக்கிக்கொள்வது பேர்போன கோளாறு. ஸ்பிரிங் வைத்த பிளேட்டாக மாற்றுங்கள்.

பிரித்தாகிவிட்டது. எதை மாற்றுவது, எதை விடுவது?

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன்: எல்லா சீல், எல்லா கேஸ்கெட், சர்க்ளிப், மடித்துப் பூட்டுகிற நட்டுகள் எல்லாம் புதுசு. இதில் பேரம் வேண்டாம்.

சிங்க்ரோ வளையத்தை சர்க்ளிப் போட்டு கியரில் உட்கார வைத்த நிலையிலேயே வெளி விட்டம் அளக்க வேண்டும், தனியாகக் கையில் வைத்து அளந்தால் எந்த அர்த்தமும் இல்லை. எல்லை அளவு ஒர்க்ஷாப் மேனுவலில் இருக்கிறது. அளவு சரியாக இருந்தாலும், பூச்சு மறைந்து வளையத்தில் கண்ணாடி போலப் பளபளக்கிற திட்டு தெரிந்தால் அது போய்விட்டது. முதல் கியரின் வளையமும் உள் பாகங்களும் மற்றவற்றிலிருந்து வேறு, கலந்துவிடாதீர்கள்.

பலரும் வளையத்தை மட்டும் மாற்றிவிட்டு நாய்ப்பற்களை அப்படியே விடுகிறார்கள். காசு மிச்சம் என்று நினைப்பு. ஆனால் 915-இல் நாய்ப்பல் வளையம் கியரோடு ஒரே துண்டு இல்லை, அழுத்தி ஏற்றியது; பிடுங்கிவிட்டுப் புதியதைச் சூடேற்றி ஏற்றலாம். கியர் முழுவதையும் வாங்கத் தேவையில்லை. பல்லின் முனை ஈட்டி மாதிரி கூராக இருக்க வேண்டும். விரலால் தடவினால் உருண்டையாகத் தெரிந்தால் மாற்றுங்கள், அதோடு அந்த ஜோடிக்கான ஸ்லீவையும். பழைய ஸ்லீவின் உட்பக்கம் தேய்ந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கும், புது வளையம் அந்தப் பள்ளத்தில் உரசினால் கொஞ்ச நாளிலேயே பழைய கதைதான்.

ஃபோர்க் (ஸ்லீவை நகர்த்துகிற கவை) வளைந்திருக்கிறதா, அதன் நுனி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பேரிங்குகளைப் பொறுத்தவரை, கையில் சுற்றிப் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று திரும்பப் போடுகிறவர்களை நான் புரிந்துகொள்கிறேன், பினியன் பேரிங் விலை அப்படி. ஆனாலும் இவ்வளவு தூரம் பிரித்த பிறகு அதைப் போடாமல் விடுவது வீண்.

ஷிம்களை (இடைவெளியைச் சரிக்கட்டுகிற மெல்லிய தகடுகள்) எடுத்த இடத்துக்குப் பெயர் எழுதித் தனித்தனிப் பையில் வையுங்கள். சிங்க்ரோ மட்டும் மாற்றினால் அதே ஷிம் போதும். பினியன் பேரிங்கையோ கேஸையோ கிரவுன் பினியனையோ மாற்றினால் பினியன் ஆழத்தை, அதாவது அது கிரவுன் வீலை நோக்கி எவ்வளவு தள்ளி உட்காருகிறது என்பதை, புதிதாக அளந்துதான் ஆக வேண்டும். கிரவுனும் பினியனும் ஒரே எண் பொறித்த ஜோடி. ஒன்றை மட்டும் வேறு பெட்டியிலிருந்து எடுத்துப் போட முடியாது. அளவுக் கருவிகள் இல்லையென்றால் இந்த ஒரு கட்டத்தை மட்டும் விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மெக்னீசியம் கேஸா, அலுமினியம் கேஸா?

ஆரம்பகாலப் பெட்டிகள் மெக்னீசியம், 1978-இல் எஸ்சி வந்தபோது அலுமினியம். மெக்னீசியம் எடை குறைவு, ஆனால் மென்மையானது, சூட்டில் அதிகம் விரியும். பேரிங்கின் இரும்பை விட டிகிரிக்கு மீட்டருக்கு 14 மைக்ரான் அளவு கூடுதலாக விரிகிறது. 80 மில்லிமீட்டர் துளை, 80 டிகிரி சூடு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: துளைக்கும் பேரிங்குக்கும் நடுவே 0.09 மில்லிமீட்டர் கூடிவிடும். குளிரில் எவ்வளவு இறுக்கமாக ஏற்றினீர்களோ, அதில் பெரும்பகுதி சூட்டில் காணாமல் போகும். பிறகு பேரிங்கின் வெளி வளையம் துளைக்குள் மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும், துளை பெரிதாகும், பினியன் ஆடும்.

அதனால் மெக்னீசியம் கேஸ் வைத்திருப்பவர்கள் வேறு எதற்கும் காசு செலவழிப்பதற்கு முன் துளைகளை உள்விட்டமானியால் அளந்துகொள்ளுங்கள். பெரிதாகியிருந்தால் துளையைக் கடைந்து ஸ்லீவ் அடிக்கலாம். ஒட்டுப் பசை ஊற்றி ஏற்றுவது தற்காலிக வைத்தியம். பேரிங்கைக் கழற்ற கேஸை அடுப்பில் வைத்து 120 டிகிரி அளவுக்குச் சீராகச் சூடேற்றுங்கள், சுத்தியல் வேண்டாம். தொழிற்சாலையில் பொருத்திய அதே எண் கொண்ட பெட்டி இன்னும் இருக்கிற காரென்றால் பழைய கேஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காரின் மதிப்பில் அதற்கும் பங்கு உண்டு.

3.2 அல்லது அதற்கும் பெரிய இன்ஜின் போடப் போகிறேன். பெட்டியைப் பலப்படுத்த எங்கே காசு போடுவது?

கியர் பல் உடைந்து போன 915-ஐ விட, கியர்கள் நகர்ந்து தேய்ந்து போன 915 தான் அதிகம். அதனால் கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: பாரம் ஏறும்போது எது வளைகிறது?

முதல் பதில், பேரிங் தாங்கித் தகடு. இன்புட் ஷாஃப்ட், பினியன் ஷாஃப்ட் இரண்டின் பேரிங்குகளையும் கேஸுக்குள் அழுத்திப் பிடித்திருப்பது ஒரே ஒரு மெல்லிய தகடுதான். கியர் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை, கிரவுன் வீலும் பினியனை நீளவாட்டில் தள்ளும். இந்த விசை எல்லாம் அந்தத் தகட்டின் மேல். அது நெளிந்தால் பேரிங் முன்னும் பின்னும் நகரும், பினியன் ஆழம் ஓடும்போதே மாறும். முழு இரும்புக் கட்டியில் கடைந்த தடித்த தகடு சந்தையில் கிடைக்கிறது. பெட்டி ஏற்கனவே பிரித்துக் கிடக்கிறதென்றால், தெருவில் மட்டும் ஓடுகிற காருக்குக்கூட இதைப் போடச் சொல்வேன்.

இரண்டாவது, டிஃபரன்ஷியலின் பக்க மூடி. கிரவுன் வீல் பினியனிலிருந்து விலகப் பார்க்கும், அதைத் தடுத்து நிறுத்துவது இந்த மூடி. பழைய மூடி வளைந்து கொடுக்கும். தடித்த மூடி போட்டால் பல் பதிகிற இடம் பாரத்திலும் அங்கேயே நிற்கும்.

மூன்றாவதுதான் கியர்கள். ஷாட் பீனிங் (சின்ன உலோக மணிகளை வேகமாக அடித்துப் பரப்பை இறுக்குவது) பல்லின் அடிப்பகுதி சோர்ந்து விரிசல் விடுவதைத் தள்ளிப்போடும், நியாயமான செலவு, பேரிங் ஓடுகிற பரப்புகளை மட்டும் மூடிவிட்டுச் செய்ய வேண்டும். அதிமென்மையாக மெருகேற்றுவது உராய்வையும் சூட்டையும் கொஞ்சம் குறைக்கும். பந்தயம் ஓட்டாதவருக்கு அது பெரும்பாலும் கண்ணுக்கு விருந்து.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 1975-இல் 930 டர்போவை எடுத்தபோது போர்ஷே 915-ஐ நம்பவில்லை, அகலமான பற்களோடு தனியாக நான்கு கியர் பெட்டி ஒன்றைச் செய்தது. டர்போ திருக்குவிசைக்கு 915-ஐத் தயார்செய்கிறேன் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

கார் இன்னும் துள்ளலாக இழுக்க 7:31 கிரவுன் பினியன் போடலாமா?

பினியன் பல்லுக்குக் கிரவுன் பல் என்ற கணக்கில் 8:31 என்றால் 3.875, 7:31 என்றால் 4.43. எல்லா கியரும் ஒரே அடியில் குட்டையாகிவிடும், ஆசை வருவது இயல்பு. ஆனால் ஏழு பல் பினியன் எட்டுப் பல்லை விடப் பலம் குறைந்தது. அதிகத் திறன் வைத்திருக்கிறவர் 8:31-ஐ அப்படியே விட்டுவிட்டு மூன்று, நான்கு, ஐந்தாவது கியர் ஜோடிகளை மாற்றுவது நல்லது. நெடுஞ்சாலையில் காது வலிக்காமல் போகவும் ஐந்தாவதைத் தனியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஷார்ட் ஷிஃப்ட் கிட்?

வேண்டாம். லீவர் நகரும் தூரம் குறைந்தால் அதே கை பலம் ஸ்லீவை இன்னும் கடுமையாகத் தள்ளும். நேரம் கேட்கிற சிங்க்ரோவிடம் நேரத்தைப் பிடுங்குகிற வேலை அது.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் அவசியமா?

ஒரு பின்சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்துகிற டிஃபரன்ஷியல் இது. பெட்டி ஆயுளுக்கு அவசியமில்லை, ஓட்டுவதற்கு அருமை. இசட்எஃப் நிறுவனத்தின் தட்டு வகை பிரேக் பிடிக்கும்போதும் பின்பக்கத்தை நிலையாக வைக்கும், ஆனால் தட்டுகள் தேயும், இன்னொரு முறை பிரிக்க வேண்டி வரும். கியர் வகையில் தேய்மானம் பேருக்குத்தான், தெருக் காருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

எண்ணெய் பம்ப், கூலர்?

பழைய 915-இல் எண்ணெய் தெளிப்பதெல்லாம் சுற்றுகிற கியர்களே. 3.2 கரேராவின் பெட்டிக்குத் தொழிற்சாலையிலேயே பம்ப் வந்தது. டிராக்கில் நீண்ட நேரம் ஓட்டுகிறவர், குறிப்பாக மெக்னீசியம் கேஸோடு ஓட்டுகிறவர், பம்ப்பும் கூலரும் வைத்துக்கொள்வதில் அர்த்தம் உண்டு. மேலே சொன்ன 0.09 மில்லிமீட்டர் சூட்டோடுதானே கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குத் தேவையில்லை.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஜி50 போட்டுவிட்டால்?

1987-இல் வந்த ஜி50 நல்ல பெட்டி. கூம்பு சிங்க்ரோ, ஹைட்ராலிக் கிளட்ச், கை வைத்தால் விழும். ஆனால் அது நீளம் அதிகம். பழைய காரில் பின் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் குழாயையே வெட்டி மாற்றி வெல்டு செய்தால்தான் உட்காரும், கிளட்ச் மிதியடி அமைப்பும் மாற வேண்டும். எடையும் கூடும். ஏற்கனவே பாடி வெட்டப்பட்ட, பெரிய இன்ஜின் போட்ட கார் என்றால் போடுங்கள். அசலாக இருக்கிற 1973 காரை இதற்காக வெட்டுவதற்கு எனக்கு மனசு வராது.

கட்டி முடித்து ஏற்றியாகிவிட்டது. எப்படி ஓட்டுவது?

முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வளையங்கள் பழக வேண்டும், அதனால் அவசர மாற்றம் வேண்டாம், கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் பயப்பட வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டர் அளவில் எண்ணெயை வடித்துக் காந்தத்தைப் பாருங்கள், புதிது ஊற்றுங்கள். கார் உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியர் போடாதீர்கள். வேண்டுமென்றால் நியூட்ரலில் கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போடுங்கள். லீவர் மேல் கையை ஊன்றி ஓட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அந்த எடை ஃபோர்க் நுனியில்தான் போய் விழுகிறது. குளிர்காலக் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், முதல் சில நிமிடம் இரண்டாவது கியர் அடம்பிடிக்கும், அது கோளாறு இல்லை. சூடான பிறகும் அடம்பிடித்தால் கப்ளர் கிளாம்ப் போல்ட் நழுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.